தலையெழுத்தும் தாசில்தாரும்

பல வருடங்களுக்கு முன் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் நாற்பது பேரையும் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘என் வாழ்க்கையில் நடப்பதை நானே தீர்மானிக்கிறேன்’ என்கிற ரகத்தில் இருபத்தைந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்துவரை எண்கள். டிரெயினர் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “இதுல சரி, தப்புன்னு எதுவுமே கிடையாது. மனசுல பட்டதை டிக் பண்ணுங்க” என்றார். சரி தப்பு கிடையாது என்று சொல்லித் தருகிற தாளுக்குத்தான் கடைசியில் மார்க் போடுவார்கள். இது தெரியாத எவனும் நாற்பது வயதுவரை ஓர் ஆபீஸில் குப்பை கொட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் நான்கு போட்டேன். மேனேஜர் கண்ணில் படும் என்று தோன்றிய இடங்களில் ஐந்து.

அந்த நேரம் பார்த்து ஹவுஸ்கீப்பிங் அக்கா டீ கொண்டுவந்தார். கான்ட்ராக்ட் ஆள். டிரெயினருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க வாழ்க்கையில நடக்குறதை நீங்கதானே முடிவு பண்றீங்க?” அக்கா தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்கா இல்லையான்னு சூப்பர்வைசரைக் கேளுங்க சார். என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. டிரெயினர் வெள்ளைப் பலகையில் ‘எக்ஸ்டர்னல்’ என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இந்த மைண்ட்செட்டைத்தான் நாம உடைக்கணும்” என்றார். அன்றைக்கு அந்த ஹாலில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொன்னவர் அவர் ஒருவர். பொய் சொன்ன எங்கள் நாற்பது பேருக்கும் நல்ல மார்க். உடைக்கவேண்டியது அவருடைய மண்டையிலாம்.

‘எக்ஸ்டர்னல்’ என்ற அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் போனேன். ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் வெளியிட்ட அளவுகோல் அது. அதன்படி மனிதர்கள் இரண்டு ரகம். தனக்குக் கிடைப்பது தன் செயலால் கிடைக்கிறது என்று நம்புகிறவருக்குக் கடிவாளம் உள்ளே இருக்கிறது. அதிர்ஷ்டம், விதி, செல்வாக்கான ஆட்கள் என்று கைகாட்டுகிறவருக்குக் கடிவாளம் வெளியே. மொத்தம் 29 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘இரண்டும்தான்’, ‘அது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது’ என்றெல்லாம் எழுத இடமில்லை. எதை அளக்கிறார்கள் என்பது எழுதுகிறவருக்குப் பிடிபட்டுவிடக் கூடாது என்று ஆறு ஜோடிகளைச் சும்மா சொருகியிருந்தார்கள். மிச்சம் 23. வெளியே கைகாட்டும் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். மார்க் ஏற ஏற மானம் போகிற பரீட்சை.

அதில் ஒரு ஜோடி அரசாங்கத்தைப் பற்றியது. சாதாரண ஆளும் அரசின் முடிவுகளில் செல்வாக்குச் செலுத்த முடியும் என்பது ஒரு வாக்கியம். மேலே உள்ள சிலர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார்கள், சின்ன மனிதன் செய்ய ஒன்றுமில்லை என்பது மற்றது. கேள்வி நாட்டைப் பற்றியது. ஆனால் மார்க் விழுவது பதில் சொன்னவரின் குணத்துக்கு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று சொன்னவனுக்குத் தாக நோய் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற வைத்தியம் இது.

இந்தத் தாள் அச்சாவதற்கு நான்கு வருடம் முன்பு, 1962 ஆகஸ்ட் 31 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பஸ் கிளம்பியது. அதில் 18 பேர். எல்லாரும் கறுப்பினத்தவர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இண்டியனோலா ஊருக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், 44 வயது. ஒரே பருத்திப் பண்ணையில் 18 வருடம் உழைத்தவர். பெயர் சேர்க்கத் தேர்வு உண்டு. மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ரிஜிஸ்ட்ரார் காட்டுகிற ஒன்றைப் பார்த்து எழுதி, அதன் பொருளையும் எழுத வேண்டும். பொருள் சரியா என்று தீர்ப்புச் சொல்பவரும் அந்த ரிஜிஸ்ட்ராரேதான். ஹேமர் ஃபெயில். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து டிரைவருக்கு அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதாம். பள்ளிக்கூட பஸ் என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். வீடு போய்ச் சேர்ந்தால் பண்ணை முதலாளி நிற்கிறார்: மனுவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் கிளம்பு. அன்றிரவே கிளம்பினார். அடுத்த வருடம் ஒரு சிறைக்குள் வைத்து அவரை அடித்தார்கள். அந்த அடியின் சேதம் சாகும்வரை அவரை விடவில்லை.

இப்போது அவர் கையில் பென்சிலைக் கொடுங்கள். உழைத்தால் உயரலாமா? 18 வருட உழைப்பு ஓர் இரவில் தெருவில் நின்றது. ஆகவே இல்லை: ஒரு மார்க். உலகத்தை நடத்துவது சிலரா? ரிஜிஸ்ட்ரார், போலீஸ், முதலாளி என்று பெயர் சொல்லியே காட்டுவார்: இன்னொரு மார்க். தாளைத் திருத்துகிறவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடிவாளம் வெளியே, முயற்சி குறைவாக இருக்கலாம், கவனிக்கவும் என்று குறிப்பு எழுதுவார். அந்த அம்மாளோ மறுபடி போய்த் தேர்வு எழுதிப் பாஸானார். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இந்தக் கதையையெல்லாம் அவர் டி.வி. காமிராக்கள் முன் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் காமிராக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அமெரிக்க ஜனாதிபதியைப் பதறவைத்த பெண்ணுக்குத் தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பஸ் ஏறினார். 23 கேள்வியில் ஒன்றுகூட அதைப் பிடிக்காது.

காரணம், ராட்டர் கட்டிய மூட்டை. விதி, அதிர்ஷ்டம், அதிகாரம் மூன்றையும் ‘வெளி’ என்று ஒரே சாக்கில் போட்டுத் தைத்துவிட்டார். நம் பாஷையில் சொன்னால், தலையெழுத்தும் தாசில்தாரும் ஒன்று. தலையெழுத்தை ஒன்றும் செய்ய முடியாது. தாசில்தாரைச் செய்யலாம். மனுக் கொடுக்கலாம், மறியல் பண்ணலாம், கோர்ட்டுக்குப் போகலாம், ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ‘எல்லாம் அவன் செயல்’ என்று உட்கார்ந்திருப்பவனையும், ‘எல்லாம் அந்த ஆளு செய்யிற வேலை’ என்று எழுந்து நிற்பவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிற அளவுகோல் யாருக்கு வசதி? உட்கார்ந்தவனால் யாருக்கும் தொந்தரவில்லை. எழுந்தவனை நோயாளி என்று சொல்ல ஒரு விஞ்ஞானம் கிடைத்தால் தாசில்தார்களுக்குக் கசக்குமா?

ராட்டர் ஒன்றும் வில்லன் இல்லை. புரூக்ளினில் யூதக் குடியேறிகளின் மகன். 1930களின் பெருமந்தத்தில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போய் வறுமையைப் பார்த்தவர். சமூக அநீதி என்றால் என்ன என்று அப்போதுதான் உறைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பையனுக்கு அப்பா ‘முயற்சி போதாமல்’ மூழ்கினாரா என்பது தெரியாமலா இருந்திருக்கும்? ‘உள்’ என்றால் நல்லவன், ‘வெளி’ என்றால் கெட்டவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று 1975இல் அவரே எழுதியும் பார்த்தார். அதற்கு முன்பே, 1969இல், பட்ரீசியா குரினும் கூட்டாளிகளும் கறுப்பின மாணவர்களின் விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: தன் நிலைக்குத் தன்னைக் குறைசொல்லாமல் அமைப்பைக் குறைசொல்கிற பிள்ளைகள்தான் சேர்ந்து போராட முன்வருகிறார்கள் என்று. ஹன்னா லெவன்சன் சாக்கின் தையலைப் பிரித்து, விதிக்குத் தனித் தாள், அதிகாரத்துக்குத் தனித் தாள் என்று 24 வாக்கியங்களில் வேறு அளவுகோலே செய்துகொடுத்தார். எல்லாம் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. டிரெயினர் மட்டும் பழைய சாக்கோடுதான் வருகிறார்.

அதே 1966இல் இன்னோர் அறிக்கை வந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், அமெரிக்க அரசுக்காக, சுமார் 4,000 பள்ளிகளில் சுமார் 6 லட்சம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுத் தயாரித்தது. பிள்ளைகளிடம் கேட்டவற்றில் மூன்று கேள்வி இவை: உழைப்பைவிட அதிர்ஷ்டம் பெரிதா, முன்னேற நினைத்தாலே யாராவது தடுக்கிறார்களா, உன்னைப் போன்றவர்களுக்கு வாழ்க்கையில் ஜெயிக்க வாய்ப்பு உண்டா. முடிவைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட அத்தனை விஷயங்களையும் ஒன்றாகச் சேர்த்தால்கூட, இந்த மூன்று பதில் அளவுக்குப் படிப்போடு ஒட்டவில்லையாம்.

அடடா, எவ்வளவு மலிவான கண்டுபிடிப்பு! கூரை ஒழுகுகிறதா, லேபில் குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். பையனின் மனசைத் திருத்தினால் போதும் என்று ஒரு கஞ்சன் இதை வாசித்துக்கொள்ளலாம். வாசித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ‘யாராவது தடுக்கிறார்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பையன் சொன்னது மனப்பான்மையா, சாட்சியமா? இனம் பிரித்த பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் பெரும்பாலான பிள்ளைகள் பிரிந்துதான் படிக்கிறார்கள் என்று அதே அறிக்கை சொன்னது. வெள்ளைப் பிள்ளைகள் கலந்து படிக்கும் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளின் அந்த நம்பிக்கை கூடுகிறது என்றும் சொன்னது. ஆக, கோளாறு பையனின் தலையில் இல்லை, அவனை உட்காரவைத்த பெஞ்சில். பெஞ்சை மாற்ற 1974இல் பாஸ்டனில் பஸ் விட்டார்கள். தெற்கு பாஸ்டனில் அந்தப் பஸ்கள்மேல் கல்லெறிந்தார்கள். இந்தத் தடவை அவை நிஜமாகவே மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்கள்தான்.

டிரெயினர்கள் இந்த அளவுகோலைப் பணக்காரர்களிடம் ஏன் கொண்டுபோவதில்லை என்பது எனக்கு நெடுநாள் புதிர். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் ஆனது. மூன்றே வாரத்தில் அதன் தலைவர் ரிச்சர்ட் ஃபுல்ட் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தார். சந்தை, வதந்தி, நம்பிக்கை இழப்பு, எங்கும் வீசிய பயப் புயல் என்று பட்டியல் நீண்டது. 2000த்திலிருந்து நீங்கள் வாங்கிய 48 கோடி டாலர் நியாயமா என்று குழுத் தலைவர் ஹென்றி வாக்ஸ்மன் கேட்டதற்கு, அவ்வளவு இல்லை என்று கணக்கைத் திருத்தினார். லாபம் வந்த வருடமெல்லாம் கடிவாளம் உள்ளே. நஷ்டம் வந்த அன்றைக்கு வெளியே. ராட்டர் தாளைக் கொடுத்திருந்தால் மனிதர் முழு மார்க் வாங்கியிருப்பார். யாராவது அவருக்கு ‘மைண்ட்செட்’ வகுப்பு எடுத்தார்களா? அது டீ அக்காக்களுக்கான பாடத்திட்டம்.

இதுவரை சொன்னது சிரிக்கக்கூடிய பகுதி. இனிச் சொல்லப்போவதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைத் தொட்டிலில் கட்டி மின் அதிர்ச்சி கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாய் தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். அதன் ஜோடி நாய்க்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது, முதல் நாய் அழுத்தினால்தான் நிற்கும். மறுநாள் இரண்டையும் ஒரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் தாழ்வான தடுப்பு. தாண்டினால் தப்பிக்கலாம். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் எட்டில் ஆறு தப்பவில்லை. வலியை வாங்கிக்கொண்டு கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம்’ என்று பெயர் வைத்தார்கள். பாடநூல் ஏறியது, பட்டம் பதவி வந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் எழுதினார்கள்: நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டோம், முடங்கிக் கிடப்பது கற்றுக்கொள்வதல்ல, நீண்ட வலிக்கு உடம்பு இயல்பாகச் செய்வது அது, கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது தன்னால் முடியும் என்பதைத்தான். திருத்திக்கொண்டது நேர்மை, ஒப்புக்கொள்கிறேன். நாய்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

நடுவே 2002 இருக்கிறது. சான் டியேகோவில் ராணுவத்தின் ஒரு பயிற்சிப் பிரிவில் செலிக்மன் இந்த நாய்களைப் பற்றிப் பேசினார். பிடிபடும் அமெரிக்க வீரர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதற்காகவே பேசினேன், சித்திரவதையை நான் ஆதரிக்கவில்லை, என் ஆய்வு அப்படிப் பயன்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று பிற்பாடு அவர் சொன்னார். அதே காலத்தில் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சி.ஐ.ஏ.வுக்கு விசாரணைத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கைதியை அந்த நாயின் நிலைக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். அபு சுபைதா என்ற கைதியைப் பெரிய பெட்டியில், சவப்பெட்டி அளவு, 266 மணி நேரம் அடைத்தார்கள். 21 அங்குல அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள சின்னப் பெட்டியில் 29 மணி நேரம். முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூழ்கடித்தது 83 தடவை. அல்-கொய்தாவின் பெருந்தலை என்று நினைத்துத் தொடங்கினார்கள்; அந்த இயக்கத்தில் உறுப்பினரே இல்லை என்று சி.ஐ.ஏ.வே பிறகு முடிவுக்கு வந்தது. 2014இல் வெளியான செனட் அறிக்கையில் இந்தப் பெட்டிக் கணக்கெல்லாம் இருக்கிறது. இரண்டு உளவியலாளர்களின் கம்பெனிக்குக் கொடுத்த 8 கோடியே 10 லட்சம் டாலரும் இருக்கிறது. அபு சுபைதாமீது ஒரு வழக்கும் போடாமலே 2006 முதல் குவாண்டனாமோவில் வைத்திருக்கிறார்கள்.

என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். கையாலாகாத்தனத்தைத் தயாரிக்கவேண்டும் என்று வந்தபோது, அது எங்கே இருந்து வருகிறது என்பதில் இந்தத் துறைக்காரர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் குழப்பம் வரவில்லை. அபு சுபைதாவின் மனப்பான்மையை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெட்டி செய்தார்கள். அங்குலக் கணக்கில், அளவெடுத்து. பூட்டு வெளியே இருக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. தயாரிக்கும்போது பூட்டு வெளியே. அளக்கும்போது மட்டும் அது எப்படி உள்ளே போய்விடுகிறது? மிசிசிப்பியிலும் பாஸ்டனிலும் என் ஆபீஸ் மீட்டிங் ஹாலிலும் அதே பூட்டைத் தேடி ஏன் மனுஷியின் மண்டைக்குள் கையை விடுகிறீர்கள்?

செலிக்மன் பிற்பாடு நம்பிக்கையைக் கற்பிப்பதில் பேர்போனவர் ஆனார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நடந்துகொண்டிருந்தபோது வீரர்களுக்கு மனத்திடம் பயிற்றுவிக்க அவருடைய பல்கலைக்கழக மையத்துக்கு அமெரிக்க ராணுவம் போட்டி டெண்டர் இல்லாமலே 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. போரை நிறுத்த அதைவிடக் குறைவாகச் செலவாகியிருக்குமோ என்னவோ.

அப்புறம் வந்தது இடுப்பில் கைவைக்கும் வித்தை. 2010இல் டேனா கார்னி, ஏமி கட்டி, ஆண்டி யாப் மூவரும் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதிகாரத் தோரணையில், மேஜைமேல் கால் போடுவது, ஊன்றி நிற்பது, இப்படி இரண்டே நிமிடம் இருந்தால் எச்சிலில் ஹார்மோன்கூட மாறுகிறது என்றார்கள். 2012இல் கட்டி டெட் மேடையில் பேசிய வீடியோவைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு சூப்பர்மேன் மாதிரி நின்றார்கள். 2015இல் வேறு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தது. ஹார்மோன் அசையவில்லை. அடுத்த வருடம் கார்னியே இந்த விளைவுகள் உண்மை என்று நான் இப்போது நம்பவில்லை என்று எழுதிவிட்டார். கட்டி விடவில்லை. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: அந்த 200 பேரும், அதிகாரம் வந்த மாதிரி உணர்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். ஆகவே முடிவு இதுதான்: இடுப்பில் கைவைத்தால் அதிகாரம் வந்ததாகத் தோன்றும், வேறொன்றும் வராது. எங்கள் ஊர் வட்டச் செயலாளர்களைப் பார்த்தவனுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. அவர்கள் இடுப்பில் கைவைப்பது அதிகாரம் வந்த பிறகு.

2012இல் ‘அதிகார உணர்வு’க்கென்றே எட்டு வாக்கியத்தில் ஓர் அளவுகோல் வந்தது. நான் சொன்னால் கேட்கிறார்களா, என் கருத்துக்கு மதிப்புண்டா, நினைத்ததை நடத்திக்கொள்ள முடிகிறதா என்கிற மாதிரி. உயர்ந்த பதவியில் இருப்பவர்கூடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று உணரக்கூடும் என்கிறார்கள், ஏதோ மனத்தின் விசித்திரம் போல. இன்னொரு பக்கம் பத்துப் படி ஏணி ஒன்றைப் படமாகக் கொடுத்து, சமூகத்தில் நீங்கள் நிற்கும் படியில் குறி போடுங்கள் என்று கேட்கும் முறையும் உண்டு. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் புகைப்படம் ஒன்று வெளியானது. நாற்காலிகளில் உறுப்பினர்கள். ஊராட்சித் தலைவர் தரையில். தலைவர் பட்டியல் சாதிப் பெண். தேர்தலில் ஜெயித்தவர், சட்டப்படி அந்தக் கூட்டத்துக்கே தலைமை அவர்தான். அவர் கையில் அந்த ஏணிப் படத்தைக் கொடுக்க எவருக்காவது துணிச்சல் உண்டா? ஏணியின் முதல் படிக்கும் கீழே ஓர் இடம் இருக்கிறது. படம் வரைந்தவர் அதை வரையவில்லை. பதவி இருந்தும் அதிகாரம் இல்லாதது அவருடைய ‘உணர்வு’ என்று எழுதப் போகிறவர், முதலில் அந்த அறையில் நாற்காலிகளை எண்ணட்டும்.

எண்ணத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1985 முதல் மைக்கேல் மார்மட் குழு லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. உன் வேலையில் உனக்கு எவ்வளவு பிடிமானம் என்று ஊழியரைக் கேட்டதோடு விடாமல், அந்த வேலையில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்று நிர்வாகத் தரப்பையும் தனியாக மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு கணக்கிலும் பிடிமானம் குறைந்த வேலைக்காரர்களுக்கே இதய நோய் அதிகம். கேட்கவேண்டிய ஆளைக் கேட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் அக்காவும் அதைத்தானே சொன்னார்: சூப்பர்வைசரைக் கேளுங்க சார்.

அந்த டிரெயினிங் முடிந்து மூன்றாவது மாதம், எங்களில் பதினோரு பேருக்கு ஒரே காலையில் சீட்டுக் கிழிந்தது. நானும் அதில் ஒருவன். என் பக்கத்து மேஜைக்காரர் இருபத்தைந்துக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டவர், அவரும்தான். சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா டம்ளர் எடுக்க வந்தார்.

“உங்களையும் போகச் சொல்லிட்டாங்களா சார்? யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. மெயில்ல வந்துச்சு.”

“மெயில்லனா, அனுப்புனது யாரு?”

கீழே பெயரில்லை, ‘மனிதவளத் துறை’ என்று மட்டும் இருந்தது. சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“அப்ப யாருகிட்டப் போய்க் கேப்பீங்க?” என்றார்.